விடுவிக்க ஆளில்லை

ரேடார் அறையில் அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. நாலா திசையிலிருந்தும் வரும் விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் பிரித்து, வரிசையில் நிறுத்தி, ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வேலையைப் பழக்குவதும் அவளே. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குரலை உயர்த்த மாட்டாள். தப்புச் செய்தவனைப் பத்துப் பேர் முன்னால் வைத்துத் தாளிக்க மாட்டாள். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு வினையாகப் போயிற்று. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். இங்கே காய்த்த மரத்தை வேறு இடத்தில் பிடுங்கி நடவும் விடமாட்டோம் என்று வேரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் புருஷன் ஒரு சின்ன ஊரில் கால்நடை மருத்துவர். சுற்றுவட்டாரத்து மாடுகள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் வைத்தியர் என்பதால் அவரால் அசைய முடியாது. மகளும் அவரோடு இருந்தாள். "ரெண்டே வருஷம், அப்புறம் உங்க ஊர் விமான நிலையத்துக்கே அனுப்பிடுவோம்" என்று சொல்லித்தான் அவளைப் பெரிய நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்த ரெண்டு வருஷம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போயிற்று. மகள் பால் பற்கள் விழுந்த வாயோடு அழுதுகொண்டு அவளை வழியனுப்பினாள். இப்போது அவளுக்கு அம்மாவின் செருப்பு சரியாக இருந்தது.

ஒருவழியாக மாற்றல் ஆணை வந்தது. அறையில் இனிப்புக்கூடக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் ஆணையின் கடைசி வரியை மேலாளர் வாசித்துக் காட்டினார். மாற்று ஆள் வந்து, பயிற்சி முடித்து, தனியாக உட்காரத் தகுதி பெற்ற பிறகே இவளை விடுவிக்க வேண்டுமாம். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. மாற்று ஆள் எங்கே என்று கேட்டால், எல்லா நிலையத்திலும் ஆள் தட்டுப்பாடு என்றார்கள். ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. ரெண்டு பேர் பார்க்க வேண்டிய வானத்தை ஒருவரே பார்த்தார். இடைவேளைக்கு எழுந்தவர் தேநீரை நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்ப ஓடிவந்தார்.

ஒருநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு வீடியோவில் பேசினாள். மகள் முகம் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது.

"அது என்னடி மூக்கு மேல?"

"கண்ணாடிம்மா. போன மாசமே போட்டாச்சு."

"போன மாசமேவா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. உனக்கு டூட்டிக்கு லேட்டாகும்."

மகள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. வானத்தில் எங்கோ ஒரு புள்ளி இம்மி விலகினாலும் கண்டுபிடிக்கிறவள், பெற்ற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் போனதைக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு வேலையில் உட்கார்ந்த பிறகு அவள் அழவில்லை. பேருந்தில் அழுது முடித்துவிட்டிருந்தாள்.

அவளைப் போலவே தவித்துக்கொண்டிருந்த இன்னொருவர் இருந்தார். அவள் புருஷன் இருக்கும் அதே ஊரின் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த ஊரிலிருந்து பெரிய நிலையத்துக்கு விமானம் கிளம்பினால் நேரடித் தொலைபேசியில் தகவல் சொல்லுவார். ஊர் சின்னது, கோபுரமும் சின்னது என்பதால் இங்கே அவருக்குப் பெயர் 'சின்ன டவர்'.

"உங்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கிளம்பியிருக்கு டீச்சர், பத்திரமா வாங்கிக்குங்க" என்பார்.

"அனுப்புங்க சார், சோறு போட்டு உக்கார வைக்கிறேன்" என்பாள் இவள்.

இப்படிக் குரலாலேயே வளர்ந்த சிநேகம். அவர் மனைவிக்குப் புற்றுநோய் என்பதும், அதற்கான மருத்துவமனை பெரிய நகரத்தில்தான் இருக்கிறது என்பதும் அந்தத் தொலைபேசியில்தான் அவளுக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அந்த அம்மாள் தனியாகப் பேருந்தில் வந்து போனார். கூட வர இவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அங்கே இருந்ததே ரெண்டு பேர்.

"நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன். ஒருத்தருக்கு ஒருத்தர் மாத்திக்கிறோம்னு சேர்ந்து கேப்போமே" என்று யோசனை சொன்னது டீச்சர்தான். ரெண்டு பேரும் கேட்டார்கள். மேலிடத்தில் மறுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். அலுத்துப்போய்த்தானோ என்னவோ, கடைசியில் சரி என்றார்கள். அவர் முதலில் வரவேண்டும், டீச்சரே அவரைப் பழக்க வேண்டும், அவர் தேறினால் அவள் போகலாம். அதுவரை அந்தச் சின்ன நிலையத்தில் மிச்சமிருக்கும் ஒருவர் தலையில் எல்லாச் சுமையும்.

கனத்த குரலை வைத்து உயரமான, மீசைக்கார ஆளை எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் குள்ளமாக, உருண்டையாக, வழுக்கைத் தலையோடு வாசலில் நின்று, "சின்ன டவர்தான் டீச்சர். பேருக்கு ஏத்த மாதிரியே இருக்கேனா?" என்றார். அறையே சிரித்தது. அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

இது சுலபத்தில் முடியாது என்று பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

மனிதர் வேலை தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் பழகிய வேலை வேறு. அங்கே ஒரு விமானம் வரும். கண்ணாடி வழியாகக் கண்ணால் பார்ப்பார், குசலம் விசாரிக்காத குறையாக விமானியோடு பேசுவார், இறக்குவார். அடுத்தது வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கமே போடலாம். இங்கே ஜன்னலே இல்லாத இருட்டறை. திரையில், புற்றில் தண்ணீர் ஊற்றியதும் கிளம்பும் எறும்புகள் மாதிரிப் புள்ளிகள். ஒருவரோடு பேசி முடிப்பதற்குள் மூன்று பேர் கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நிதானமாக, மரியாதையாகப் பதில் சொல்வார். அந்த மரியாதை முடிவதற்குள் நாலாவது விமானம் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கும்.

"சார், சுருக்கமா. இது கல்யாண வீடு இல்ல, எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட."

"புரியுது டீச்சர். வாய்க்குப் புரியல."

வேலை முடிந்த பிறகும் அவர் உட்கார்ந்து படித்தார். பயிற்சிக் கணினியில் திரும்பத் திரும்பப் பழகினார். அங்கே நன்றாகவே வந்தது. நிஜ வானத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் கழுத்து வியர்க்கும். அவளும் விடாமல் தேய்த்தாள். அவரைத் தேற்றினால்தான் அவளுக்கு வீடு. ஒரே படகில் ரெண்டு பேர்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில் அது நடந்தது. நகரத்துக்கு மேலே இடிமேகம் திரண்டு நின்றது. விமானங்கள் மேகத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் வரிசையெல்லாம் குலைந்துவிட்டது. இருக்கையில் சின்ன டவர். பின்னால், தன் காதுக்கருவியை அதே மேசையில் செருகிக்கொண்டு டீச்சர். ஏழு மூன்று என்று முடியும் எண்ணோடு ஒரு விமானம் கிழக்கிலிருந்து வந்தது. மூன்று ஏழு என்று முடியும் இன்னொன்று, அதற்குக் கீழே, எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கிழக்கேயிருந்து வந்ததை இன்னும் மேலே ஏறச் சொல்ல வேண்டும். அவர் கீழே இருந்ததன் எண்ணைச் சொல்லி ஏறச் சொல்லிவிட்டார்.

கீழே இருந்த விமானி, சரி, ஏறுகிறேன் என்று திருப்பிச் சொன்னார். சின்ன டவர் அதைக் கேட்டார், காதில் ஏறவில்லை. அவர் கை அடுத்த விமானத்தின் விவரம் எழுதிய துண்டுச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

டீச்சர் அவர் தோளைத் தொட்டாள். "நான் எடுத்துக்கிறேன்."

தன் பொத்தானை அழுத்தினாள். ஏறத் தொடங்கியதை நிறுத்தினாள், வலப்பக்கம் திருப்பினாள், எதிரே வந்ததையும் அதன் வலப்பக்கம் விலக்கினாள். குரலில் பதற்றமே இல்லை. கடையில் உப்பு கேட்கிற குரல். இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டது போல விலகிப் போயின. இருக்க வேண்டிய இடைவெளி குறையவில்லை. பயணிகள் யாருக்கும் எதுவும் தெரியாது. இருக்கைப் பட்டை கொஞ்சம் அழுத்தியிருக்கும், அவ்வளவுதான்.

சின்ன டவர் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருக்கையை விட்டு எழுந்துகொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், மேகம் கலையும் வரை அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. ஆள் இல்லாத நாட்களில் தன் அறையைப் பூட்டிவிட்டு அவரே வந்து ரேடார் முன்னால் உட்காருவார். கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம்.

"வாம்மா, உக்காரு. அவரைப் பத்தின உன் அபிப்பிராயத்தை இந்த வாரத்துக்குள்ள கொடுத்தாகணும். தகுதியானவர்னு கையெழுத்துப் போட்டின்னா அடுத்த வாரமே உன்னை ரிலீவ் பண்ணிடுவேன்."

"நேத்து நடந்தது உங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும். அதான் ஒண்ணும் ஆகலியே. சீட்ல உக்காந்தா தானா வந்துரும்மா. கழுத்தளவு தண்ணியில தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும். நாம எல்லாம் அப்படித்தானே கத்துக்கிட்டோம்?"

"தகுதி இல்லைன்னு எழுதினா?"

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "அவர் பழைய இடத்துக்குப் போயிடுவார். நீ இங்கயே. மறுபடி முதல்லேர்ந்து. அடுத்த ஆள் எப்ப வருவான்னு என்னைக் கேட்டா நான் யாரைக் கேட்க?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்த ரெண்டு மூன்று நாளில் அவள் மனம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கையெழுத்து. அவரும் மனைவியோடு இருப்பார், இவளும் மகளோடு இருப்பாள். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும். எல்லா நாளும் இடிமேகம் வராது. பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு கண் வைத்துக்கொள்ள மாட்டார்களா? பக்கத்து மேசையில்தான் ஆளே இல்லையே என்று அவளே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டாள்.

புருஷனிடம் போனில் சொன்னாள்.

"நீ இன்னிக்கே வந்தா எனக்கு சந்தோஷம்தான்" என்றார் அவர். "ஆனா வந்தப்புறம் வானத்துல சத்தம் கேட்கறப்பல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கிட்டே இருப்பியோன்னுதான் பயமா இருக்கு."

தகுதி இல்லை என்று எழுதுவதாக முடிவு செய்தாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் எழுத மனம் வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று மாலையில் சின்ன டவர் வீட்டுக்குப் போனாள். மருத்துவமனைக்குப் பின் தெருவில், மாடியில் ஒற்றை அறை. அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். தலையில் துணி கட்டியிருந்த அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"யாரு வேணும்?"

"சார் இருக்காரா? நான் அவர் கூட வேலை பார்க்கிறவ."

"அட, டீச்சரா! இந்தக் குரலைத்தான் எங்க வீட்டுக்காரர் நாள் முழுக்க மிமிக்ரி பண்றார். வாங்க, வாங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, அதுல நீங்க உக்காருங்க, நான் கட்டில்ல. நோயாளிக்கு அந்த வசதி உண்டு."

தேநீர் போட எழுந்தவரை டீச்சர் தடுத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளே தொடங்கினார்.

"அவரைப் பத்தித்தானே பேச வந்தீங்க?"

"ஆமாக்கா."

"அவருக்கு வரலைதானே?"

டீச்சர் தலைப்பை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"மூச்சு விடுங்க, உங்களை ஒண்ணும் கடிச்சுட மாட்டேன்" என்று அந்த அம்மாள் சிரித்தார். "தூக்கத்துல விமானத்தைத் திருப்பறார்ம்மா. இடது, வலதுன்னு உளர்றார். விடிஞ்சா வேலைக்குப் போகணுமேன்னு வயித்தைக் கலக்குது அவருக்கு. ஊசி போட்டுக்கிறது நான், வாந்தி எடுக்கிறது அவர். விட்டுடுங்கன்னு நான் சொன்னா, எனக்காகச் சொல்றேன்னு நினைச்சுப்பார். உங்களுக்குப் போக வழி கிடைக்கணுமேன்னு வேற பிடிவாதம். நீங்களே சொல்லிடுங்க. உங்க வாயால கேட்டாத்தான் அந்த மனுஷன் நிம்மதியா தூங்குவார்."

"சொன்னா அவரைத் திருப்பி அனுப்பிடுவாங்கக்கா. நீங்க மறுபடி தனியா..."

"நான் பஸ்ல வந்து போனவதானே? தனியா வர்றதுல ஒரு சௌகரியம், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை கிடையாது." சொல்லிவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "கஷ்டம்தான். ஆனா யாரோ பெத்த பிள்ளைங்க மேல பறக்குது. என் கஷ்டத்தை அதுங்க தலையில இறக்கக் கூடாதில்ல?"

மருந்துப் பையோடு வந்த சின்ன டவர், டீச்சரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். எதற்கு வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"நானே சொல்லியிருக்கணும் டீச்சர். உங்க வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறோமேன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"வழியை அடைச்சது நீங்க இல்ல சார். நாற்காலியை எல்லாம் காலியா விட்டு வச்சிருக்காங்களே, அவங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எதையாவது பேச வேண்டுமே என்பது போல, "மேல கோபுரத்துல உக்கார வச்சிருந்தா நான் இன்னும் நாலு விமானத்துக்குச் சோறு போட்டிருப்பேன்" என்றார். "கண்ணால பார்த்தா எனக்குப் பயமே கிடையாது. வந்த புதுசுல ஒருநாள் உங்க டவருக்கு மேல ஏறிப் பார்த்தேனா, ஓடுபாதை, வண்டி, விமானம் எல்லாம் உள்ளங்கை மாதிரித் தெரிஞ்சுது. அதை விட்டுட்டு இந்தக் குகையில வந்து மாட்டிக்கிட்டேன்."

டீச்சருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அதே நிலையத்தின் கண்ணாடிக் கோபுரத்தில் தரைப் போக்குவரத்தைப் பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். விமானங்களை வாசலிலிருந்து ஓடுபாதைக்கு அனுப்புவது, இறங்கியதை ஓரங்கட்டுவது அவள் வேலை. கையில் சுறுசுறுப்பு, பேச்சில் மின்னல். எல்லாரும் அவளை 'பட்டாசு' என்பார்கள். ரேடாருக்கு வரத் துடித்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டால் கோபுரத்துக்கு ஆளில்லை என்று அங்கேயே பிடித்து வைத்திருந்தார்கள். அவளும் ஒரு காய்த்த மரம்.

மறுநாள் டீச்சர் மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"ரேடாருக்குத் தகுதி இல்லைன்னு எழுதிட்டேன் சார். ஆனா அவரைத் திருப்பி அனுப்பாதீங்க. கோபுரத்துல பழக்கி விடுங்க. பட்டாசைக் கீழ இறக்குங்க, அவளை ரேடாருக்கு நான் தயார் பண்றேன்."

"அதுக்கு எத்தனை மாசம் ஆகும் தெரியுமா? நீ உடனே போகணும்னு குதிச்சவ."

"தெரியும் சார்."

"மாத்தி உக்கார வைக்க விதி இடம் கொடுக்குமான்னு பார்க்கணும். மேல கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"தகுதி இல்லாதவருக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதைக் கேக்க மாட்டாங்களா சார்?"

மேலாளருக்கு முகம் சிவந்தது. "என்னம்மா, மிரட்டறியா? உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன வஞ்சகமா பண்றேன்? என் மகன் கல்யாணத்துக்கே நான் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போனேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அன்னிக்கு உங்க சீட்டைப் பார்த்துக்கிட்டது நான்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. "கேட்டுப் பார்க்கிறேன் போ" என்றார். கேட்கவும் செய்தார். ஒருமுறை இல்லை, பலமுறை. தானே நேரில் போய்க் காத்திருந்து அனுமதி வாங்கிவந்தார்.

மகளிடம் இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. "சரிம்மா" என்றாள் மகள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

கோபுரத்தில் சின்ன டவருக்குக் கை உடனே படிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்து வியர்க்கவில்லை. மழை நாட்களில்கூடக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக நகர்த்தினார். தேர்வு வைத்தவர்கள், கொஞ்சம் பேச்சு அதிகம், மற்றபடி தேறிவிட்டார் என்றார்கள். பட்டாசோ ரேடாரில் உட்கார்ந்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேகத்தைக் குறைக்கக் கற்றுத்தருவதுதான் டீச்சருக்குப் பெரும்பாடாக இருந்தது. அடுத்த கோடை பிறந்தபோது அவளுக்கான தகுதிச் சான்றில் டீச்சர் மனதாரக் கையெழுத்துப் போட்டாள்.

கிளம்பும் அன்று சின்ன டவரின் மனைவியும் வந்திருந்தார். சிகிச்சை இன்னும் முடியவில்லை. தலையில் மட்டும் பூனைமுடி முளைத்திருந்தது. "தொட்டுப் பாருங்க, வெல்வெட்டு" என்று குனிந்து காட்டினார். மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போய்ட்டு வான்னு சொல்ல மாட்டேன்மா. போ. திரும்பி வந்துடாதே" என்றார். வாழ்த்தா புலம்பலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஊரில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. சின்ன நிலையத்திலும் இருவர்தான். வாரவிடுப்பு பேருக்குத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்தால் வீடு. வீடுதான் அவளுக்குப் பிடிபட நாளாயிற்று. சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மகள் தானே எழுந்து, தானே தலை பின்னிக்கொண்டு, "வர்றேம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். சமைத்துப் போட்டால் "நல்லா இருக்கும்மா" என்றாள். துவைத்து வைத்தால் "தேங்க்ஸ்மா" என்றாள். நாளுக்கொரு தரம், சும்மா கேட்பது போல, "எப்போ திரும்பிப் போற?" என்று கேட்டாள்.

"போகலடி."

"ம்."

நம்பவில்லை என்பது அந்த 'ம்'மில் தெரிந்தது.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் இருக்கும். மேசைமேல் சிதறிக் கிடந்த மகளின் வண்ணப் பென்சில்களையும் காகிதங்களையும் டீச்சர் சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டாள். சாயங்காலம் வந்த மகள் மேசையைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"யார் என் பொருளை எல்லாம் தொட்டது? அந்தப் படம் காயணும்னு வச்சிருந்தேன்! இப்ப ஒட்டிக்கிச்சு! எதையும் கேக்காம செய்யறதே உனக்கு வேலையாப் போச்சு! வர்றதும் கேக்கறதில்ல, போறதும் கேக்கறதில்ல!"

"வாயைக் குறைடி. மேசை மாதிரியா வச்சிருந்த அதை?"

"என் மேசை! நான் எப்படி வேணா வச்சிருப்பேன்! நீ உன் ரேடாரையே பார்த்துக்கோ, போ!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜன்னல் சட்டம் அதிர்ந்தது. டீச்சர் கூடத்தின் நடுவில் விக்கித்து நின்றாள். தொழுவத்து நாற்றத்தோடு அப்போதுதான் உள்ளே வந்த புருஷன், ரப்பர் காலணியைக் கழற்றியபடி அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"என்னங்க சிரிக்கிறீங்க? கேட்டீங்கல்ல அவ பேசினதை?"

"கேட்டேன். விருந்தாளிகிட்ட யாரும் இப்படிச் சண்டை போட மாட்டாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவை ஓங்கித் தட்டினாள்.

"ஏய், திறடி! பெரிய மகாராணி! ஒட்டின படத்தைப் பிரிச்சுத் தரேன், திற முதல்ல!"

"ஒண்ணும் வேணாம்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வேணாம்னா நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். எனக்கு வேற எங்கயும் போக வேலை இல்ல" என்று சொல்லி, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.